நான்காவது விடை

போன மாதம் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தேன். ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நம்ம ஊர்த் தங்கச்சி ஒருத்தி இலையிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: “அக்கா, மேல படிக்கப் போறதுக்கு நீங்க என்னமோ சோதனை எழுதுனீங்களாமே, வீட்டுலயே உட்கார்ந்து! ரொம்பக் கஷ்டமா? எனக்கெல்லாம் வருமாக்கா?”

பின்னால் ரச வாளியோடு வந்தவர் காத்துக்கொண்டு நின்றார். “வரும்லா, அப்புறம் சொல்றேன்” என்று நகர்ந்துவிட்டேன். இரவு படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது. அவள் உண்மையாகத்தான் கேட்டாள். நான் பேச்சை முடிக்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதே கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நானும் இரண்டு வருடம் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தவள். எங்கள் ஊர் பொந்தியானில் இந்தத் தேர்வை எழுதிய ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் மேற்படிப்புக்குக் கிளம்புகிறேன். அதற்குள் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாசற்படியிலிருந்து தொடங்குகிறேன்

2003இல் நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படிகள் இருந்தன. இன்று நான்கு. வீடு பைலிங் போட்டுக் கட்டியது, அதனால் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுற்றியுள்ள மண்தான் இறங்கிக்கொண்டே போகிறது. இடைவெளி பெரிதாகும்போதெல்லாம் அப்பா ஒரு படி கட்டுவார்.

எங்கள் பக்கத்து மண்ணை மலாய்ச் சொல்லிலேயே காம்புட் மண் என்போம். நீரில் ஊறி, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் வேரும் மரமும்தான் அது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அமைதியாகக் கிடக்கும். வாய்க்கால் வெட்டி நீரை இறக்கினால் காற்றுப்பட்டு மக்கத் தொடங்கும், கரியமில வாயு வெளியேறும், நிலம் தாழும். புளித்துக் கிடக்கும் இந்த மண்ணில் பல பயிர்கள் திணறும். அன்னாசி மட்டும் தழைக்கும். பெக்கான் நானாஸ் என்ற ஊரின் பெயருக்கே அன்னாசிப் பட்டணம் என்றுதான் பொருள். அப்பா அங்கேதான் தோட்டத்தில் வேலை செய்தார்.

யூடிஎம் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது இந்த மண்ணைப் பற்றி ஒரு விரிவுரை வந்தது. நான் என் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் ஆராய வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது. சில வருடம் வேலை பார்த்த பிறகு, இத்தகைய காம்புட் நிலங்களை ஆராயும் ஒரு குழுவை அமெரிக்காவில் கண்டுபிடித்தேன். அந்தக் குழுவின் துறை முதுநிலைச் சேர்க்கைக்கு ஜிஆர்இ என்ற தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்டது.

தங்கச்சி, முதல் பாடம் இதுதான். தேர்வுப் புத்தகம் வாங்குவதற்கு முன் அந்தத் தேர்வு உனக்கு வேண்டுமா என்று பார். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் முதுநிலைக்குப் பெரும்பாலும் உன் இளங்கலைப் புள்ளிகளையும் ஆய்வுத் திட்டத்தையும்தான் பார்க்கின்றன. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜிஆர்இ தேவையில்லை. அமெரிக்காவிலேயே கோவிட் காலத்தை ஒட்டிப் பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. துறையின் பக்கத்தைத் திறந்து நீயே படி. சந்தேகம் இருந்தால் கோலாலம்பூரில் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. ஃபுல்பிரைட் உதவித்தொகையை நம் நாட்டில் நடத்துவது அவர்கள்தான். அமெரிக்கப் படிப்பு பற்றி ஆலோசனையும் தருகிறார்கள்.

அதன் நீள அகலம்

அளவு தெரியாத வரைக்கும்தான் பயம். அளவு தெரிந்துவிட்டால் பாதி இறங்கிவிடும். அதனால் அளவைச் சொல்கிறேன்.

2023 செப்டம்பரில் இந்தத் தேர்வைச் சுருக்கினார்கள். முன்பு மூன்றே முக்கால் மணி நேரம். இப்போது 1 மணி 58 நிமிடம். நடுவில் இடைவேளை இல்லை. முதலில் 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை. பிறகு மொழிப் பகுதி இரண்டு, கணிதப் பகுதி இரண்டு. மொழியில் மொத்தம் 27 கேள்விகள், கணிதத்தில் 27. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் 130இல் தொடங்கி 170இல் முடியும். கட்டுரைக்கு 0 முதல் 6 வரை. முதல் பகுதியை எப்படிச் செய்தாயோ அதைப் பொறுத்து இரண்டாம் பகுதி எளிதாகவோ கடினமாகவோ வரும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஆகவே எதையும் காலியாக விடாதே. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், விட்ட கேள்விக்குத் திரும்பி வரலாம். வாங்கிய மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். திருப்தி இல்லையென்றால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

இது எதற்காக வந்தது என்று தேடிப் படித்தேன். 1936இல் கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு சோதனை முயற்சியாக இதைத் தொடங்கின. வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து வருபவர்களை ஒரே கோலால் அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது. படித்தபோது எனக்கு அது நியாயமாகவே பட்டது. பொந்தியானிலிருந்து வரும் ஒருத்தியின் சான்றிதழைப் பார்த்து அங்கே இருக்கும் பேராசிரியருக்கு என்ன புரியும்? இந்த ஒரு எண்ணாவது புரியும். ஆனால் அந்தக் கோலைக் கையில் வாங்கவே ஒருவருக்கு எவ்வளவு ஆகிறது என்பது எந்த எண்ணிலும் தெரியாது.

நான் கட்டிய தேர்வுக் கட்டணம் 220 அமெரிக்க டாலர். 2024 மே மாதம் அது ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. அப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. ஒருவரின் மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு மணி நேரத்துக்கு! நான் ஏழு மாதம் மாதா மாதம் 150 வெள்ளி ஒதுக்கித்தான் கட்டினேன். தேர்வு நாளிலேயே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். பிறகு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். எனவே அந்த நான்கு பெயர்களையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்.

ஊர்க்காரர்களை வைத்துப் படித்த சொற்கள்

முதல் மாதிரித் தேர்வில் மொழிப் பகுதியில் 146 வந்தது. தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே மாதிரித் தேர்வுகளை இலவசமாக வைத்திருக்கிறது, அதில்தான் எழுதினேன். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், வேலையிடத்தில் எல்லாம் கலந்த ஒரு பேச்சு. இதில் நான் பார்த்தே இராத ஆங்கிலச் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

பட்டியலை மனப்பாடம் செய்தேன், நிற்கவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லையும் ஊரில் ஓர் ஆளிடம் கொண்டுபோய்க் கட்டினேன். ‘கேருலஸ்’ என்றால் ஓயாமல் பேசுபவர். கடலோரச் சாப்பாட்டுக் கடையில் காலையிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கும் அங்கிள். ‘லகானிக்’ என்றால் இரண்டு சொல்லில் முடிப்பவர், என் அப்பா. ‘ஃப்ரூகல்’ சிக்கனம், அது அம்மா. ‘பார்சிமோனியஸ்’ சிக்கனத்தைத் தாண்டிய கஞ்சத்தனம், அது யாரென்று இங்கே எழுத மாட்டேன். ‘ரெசலூட்’ உறுதி, ‘ஆப்ஸ்டினேட்’ பிடிவாதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குணம்தான். ஒன்றில் பேசுபவரின் பாராட்டு இருக்கிறது, இன்னொன்றில் சலிப்பு. இந்த வேறுபாடு தமிழில் எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர் என்று மட்டும் கற்றுக்கொண்டேன். அப்புறம் சொற்கள் ஒட்டின.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன், அதுதான் என்னை மேலே தூக்கியது. இந்தத் தேர்வில் வாக்கியத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, பொருந்தும் சொல்லைக் கேட்பார்கள். வாக்கியம் எந்த இடத்தில் திரும்புகிறது என்று தெரிந்தால் சொல் பாதி தெரிந்த மாதிரி. தமிழில் “மழை பெய்தாலும்” என்கிறோம். திருப்பம் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ என்று வாசலிலேயே நின்று, இனி வருவது நேர்மாறு என்று சொல்லிவிடும். எனக்கு வாக்கியத்தின் முடிவில் கவனம் வைத்துப் பழக்கம். தொடக்கத்தில் வரும் அந்தச் சின்னச் சொற்களைத் தாண்டி ஓடிவிடுவேன். ஒரு மாதம் பென்சிலால் ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘யெட்’ போன்றவற்றை மட்டும் வட்டமிட்டுப் படித்தேன். 146, 151 ஆனது, பிறகு 156.

ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்களை வாங்கும்போது ஆண்டைப் பார். எனக்கு ஒருவர் அன்போடு கொடுத்த புத்தகத்தில் எதிர்ச்சொல் கேள்விகள் நிறைய இருந்தன. அந்த வகையை 2011இலேயே எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் அதில் போனது.

கொடுத்த விவரம் போதாது

கணிதத்துக்கு நீ பயப்படவே வேண்டாம். கூட்டல் பெருக்கல், விகிதம், இயற்கணிதம், வடிவியல், புள்ளிவிவரம், அவ்வளவுதான். முக்கோணவியலும் நுண்கணிதமும் கிடையாது. எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் கணிதம் எடுத்திருந்தால் நீ இதைத் தாண்டியே வந்திருக்கிறாய். திரையில் ஒரு கணக்குப்பொறியும் உண்டு. 2003இல் முதலாம் ஆண்டு போன என் வகுப்புதான் தொடக்கப்பள்ளியில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்க வைக்கப்பட்ட முதல் தொகுதி. அன்றைக்கு ஏழு வயதில் திணறியது இங்கே எனக்குக் கைகொடுத்தது.

இதில் ஒரு வகைக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு. எது பெரிது? விடைகள் எப்போதும் இதே நான்குதான்: இடப்பக்கம் பெரிது, வலப்பக்கம் பெரிது, இரண்டும் சமம், கொடுத்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஒன்று பார். எக்ஸின் வர்க்கம் 16. இடப்பக்கம் எக்ஸ், வலப்பக்கம் 4. கை உடனே ‘சமம்’ என்று போகும். ஆனால் எக்ஸ் கழித்தல் 4 ஆகவும் இருக்கலாமே! அதன் வர்க்கமும் 16தான். ஆகவே நான்காவது விடை. சொல்ல முடியாது.

யுபிஎஸ்ஆர், பிஎம்ஆர், எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்று சின்ன வயதிலிருந்து நான் எழுதிய தேர்வுகளில் ‘தெரியாது’ என்று எழுதினால் பூஜ்யம். இங்கே, இவ்வளவு விவரம் போதாது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு முழு மதிப்பெண். முதலில் இந்தக் கேள்விகளில்தான் நான் அதிகம் தவறினேன். ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முடிவு செய்வதற்கு முன் பூஜ்யத்தைப் போட்டுப் பார், கழித்தல் எண்ணைப் போட்டுப் பார், பின்னத்தைப் போட்டுப் பார். மூன்றிலும் விடை மாறவில்லையா, அப்போது நம்பு.

கட்டுரை

கட்டுரைத் தலைப்புகள் முழுவதையும் ஈடிஎஸ் முன்கூட்டியே வெளியிட்டிருக்கிறது. தேர்வில் வருவது அந்தப் பட்டியலிலிருந்துதான். இதை எத்தனையோ பேர் தெரியாமலே போய் உட்காருகிறார்கள். பள்ளியில் நாம் முன்னுரை, பழமொழி, முடிவுரை என்று ஒரு கட்டு வைத்திருப்போம். இங்கே அவர்கள் தேடுவது உன் நிலைப்பாட்டையும் அதற்கு நீ காட்டும் சான்றையும். மறுப்பவர் என்ன சொல்வார் என்று நீ யோசித்திருக்கிறாயா என்றும் பார்ப்பார்கள்.

பயிற்சிக்கு எழுதியபோது தொலைதூர உதாரணங்களைத் தேடித் தேடி நேரம் போனது. பிறகு நம் ஊரையே எடுத்துக்கொண்டேன். தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்முனை. அதுவும் குக்குப் தீவும் பூலாய் ஆற்று முகத்துவாரமும் 2003இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே சதுப்புநிலக் காடு அலையைத் தாங்குகிறது, பின்னால் மீனவர்களும் தோட்டங்களும் வாழ்கின்றன. இயற்கையைக் காப்பதா, வருமானத்தைப் பெருக்குவதா என்று எந்தத் தலைப்பு கேட்டாலும் அங்குள்ள மரநடைபாதையில் நின்று பதில் சொல்ல என்னால் முடியும். உனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து எழுது. அது சிறிய ஊராக இருப்பதால் வாதம் சிறியதாகிவிடாது.

பெயரும் அறையும்

நம் பிள்ளைகளுக்கு வரும் ஒரு சிக்கல் உண்டு. என் கடப்பிதழில் என் பெயர், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’, பிறகு அப்பா பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நான் நிரப்பிய ஒரு விண்ணப்பப் படிவம் அந்தச் சாய்கோட்டை ஏற்கவில்லை. கடைசிப் பெயரைக் காலியாக விடவும் விடவில்லை. ஒரு தாளில் அப்பா பெயர் குடும்பப் பெயரானது, இன்னொன்றில் ‘ஏபி’ என் நடுப்பெயரானது. இரண்டு பேர் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு வாரம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். பதிவு செய்யும் முதல் நாளே கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொள். எந்த எழுத்து வரிசையைத் தேர்ந்தெடுக்கிறாயோ அதையே தேர்வு, விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றிலும் பிடித்துக்கொள். அப்பாவின் பெயரைச் சுமப்பதில் எனக்குப் பெருமைதான். அது எந்தப் பெட்டியில் உட்காரும் என்று முன்பே தீர்மானித்துவிட்டால் போதும்.

அடுத்தது அறை. கோலாலம்பூர் போய் ஓர் இரவு தங்கி எழுதச் செலவு அதிகம் என்பதால் வீட்டிலிருந்தே எழுதும் வழியை எடுத்தேன். 2020இல் கோவிட் வந்தபோது தொடங்கிய ஏற்பாடு அது. எந்த நாளும் எந்த நேரமும் இடம் கிடைக்கும். அறையில் நீ மட்டும்தான் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். மேசையில் வேறெதுவும் கூடாது. காது தெரிய வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து எழுத முடியாது. கணக்குப் போடச் சாதாரணத் தாள் கூடாது. சின்ன வெள்ளைப் பலகையும் அழிக்கும் மார்க்கரும் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தை நான் மழையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் சமையலறைக்குத் தகரக் கூரை. மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். விடியற்காலையில் நீரிணையைத் தாண்டிச் சுமத்ரா காற்று மழையோடு அடிக்கும். காலையில் பக்கத்து வீட்டுச் சேவல்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது இரவு பத்து மணி.

அந்த இரவு

ஒன்பதரைக்கு அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். அப்பா வாசற்படியில் போய் உட்கார்ந்தார். யாராவது மோட்டாரில் வந்து ஹாரன் அடித்தால் சைகை காட்டி நிறுத்துவாராம். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கண்காணிப்பாளர் திரை வழியே வந்தார். கேமராவைத் திருப்பி அறை முழுக்கக் காட்டச் சொன்னார். பிறகு கணினித் திரையின் ஓரங்களைக் கண்ணாடியில் காட்ட வேண்டும். அம்மா பொட்டு வைக்கும் கைக்கண்ணாடியைத்தான் எடுத்து வைத்திருந்தேன். அதன் மூலையில் ஒரு பழைய பொட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு படபடப்பது நின்றது.

எஸ்பிஎம் எழுதியபோது மண்டபம் நிறையத் தோழிகள் இருந்தார்கள். வெளியே வந்ததும் விடையை ஒப்பிட்டுக் கத்துவோம். இங்கே நானும் ஒரு திரையும்தான். ஆனாலும் இரண்டு மணி நேரம் நான் தனியாக இருந்ததாகத் தோன்றவில்லை. கடைசிக் கணிதப் பகுதியில் நான்கு கேள்வி மிச்சம் இருக்கும்போது தூரத்தில் இடி கேட்டது. மழை வரவில்லை. கடைசியில் பலகையை அழித்துக் காட்டினேன். திரையில் இரண்டு எண்கள் வந்தன: மொழி 157, கணிதம் 164. கட்டுரை மதிப்பெண் பிறகு வந்தது, 4.

கதவைத் திறந்தேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. அப்பா இன்னும் படியில்தான் இருந்தார். “முடிஞ்சதா?” என்றார். “முடிஞ்சதுப்பா” என்றேன். “சரி, சாப்பிடு” என்று எழுந்து உள்ளே போனார்.

தங்கச்சிக்கு

“எனக்கெல்லாம் வருமாக்கா?” என்று கேட்டாய். பந்தியில் நான் அவசரமாக ‘வரும்’ என்றேன். நீ ஏற்கெனவே மனதுக்குள் ‘வராது’ என்று ஒரு விடையைக் குறித்து வைத்துவிட்டுத்தான் கேட்டாய் என்று இப்போது தோன்றுகிறது. ‘எனக்கெல்லாம்’ என்ற சொல்லில் அது இருக்கிறது. நானும் அப்படித்தான் இரண்டு வருடம் குறித்து வைத்திருந்தேன், ஒரு மாதிரித் தேர்வுகூட எழுதிப் பார்க்காமல்.

நீ குறித்தது தவறு. நான் சொன்னதும் தவறு. சரியான விடை நான்காவது: இருக்கும் விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது. உன் முதல் மாதிரித் தேர்வு எண் எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. மூன்று மாதம் படித்தால் அது எங்கே போகும் என்பதும் தெரியாது. விவரம் சேர்ப்போம், பிறகு பேசுவோம்.

ஆகஸ்டு வரைக்கும் சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். நான்கு படி ஏறி வா. புத்தகங்களையும், ஊர்க்காரர் பெயர் எழுதிய சொல் அட்டைகளையும், அந்த வெள்ளைப் பலகையையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். மார்க்கர் காய்ந்துவிட்டது, அதை மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு வா.